வெராக்ரூஸ் மாநிலத்தில் பெரிய நகரம் எது? மூன்று பட்டியல்களில் எதை எடுப்பது?

மெக்ஸிகோவின் வளைகுடாக் கரையில் 700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மாநிலம் வெராக்ரூஸ். இதன் 2020 கணக்கெடுப்புத் தரவில் ஊர்வாரிக் கோப்பைத் திறந்து, மக்கள்தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் முதலில் நிற்பது ஹலாபா: 4,43,063. அடுத்துத்தான் வெராக்ரூஸ் துறைமுக நகரம்: 4,05,952. அதே கணக்கெடுப்பை முனிசிபியோ என்ற உள்ளாட்சிப் பிரிவு வாரியாக அடுக்கினால் வரிசை புரண்டுவிடும். வெராக்ரூஸ் 6,07,209, ஹலாபா 4,88,531. பெருநகரப் பகுதியாக எடுத்தால் 9,39,046-க்கு 7,89,157.

மூன்றும் ஒரே நாளின் கணக்கு. மூன்றையும் வெளியிட்டது ஒரே நிறுவனம், மெக்ஸிகோவின் புள்ளியியல் நிறுவனமான இனெகி. எதிலும் பிழை இல்லை. கடை திறக்கவோ, கிடங்கு போடவோ, ஒரு கட்டுரைக்கு வரைபடம் போடவோ இந்த எண்களை எடுப்பவர், எந்த வேலைக்கு எந்தப் பட்டியல் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்காமல் 'பெரிய நகரம் எது' என்று கேட்டால் விடை கிடைக்காது.

'நகராட்சி' என்ற மொழிபெயர்ப்பில் தொடங்கும் சிக்கல்

முனிசிபியோ என்பதைத் தமிழில் நகராட்சி என்று எழுதிவிடுகிறோம். நகராட்சி என்றதும் தெருக்களும் கடைவீதியும் மனதில் வரும். மெக்ஸிகோவின் முனிசிபியோ அப்படிப்பட்டது அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் மன்றமும் கொண்ட ஒரு நிலப்பரப்பு அது. நடுவே ஒரு தலைமை ஊர், சுற்றிலும் வயல், மலை, சதுப்பு, சிற்றூர்கள். பரப்பில் நம் வட்டத்துக்கு நெருக்கமாக வரும். அதிகாரத்தில் நகராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் சேர்ந்தது போல இருக்கும். வெராக்ரூஸ் மாநிலத்தில் இப்படி 212 உண்டு. நகரமே முழு எல்லையாக இருப்பவை அதில் வெகு சில. அதனால் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமலே விடுகிறேன்.

அதற்குக் கீழே இருப்பது லொகாலிதாத், அதாவது தனிக் குறியீட்டு எண் உள்ள ஊர். ஐந்து வீடுள்ள பண்ணையும் ஓர் ஊர்தான், நாலு லட்சம் பேர் வாழும் ஹலாபாவும் ஓர் ஊர்தான். மாநிலத்தில் சுமார் இருபதாயிரம் ஊர்கள் இருக்கின்றன. 2,500 பேரைத் தாண்டினால் இனெகி அதை நகர்ப்புறமாகக் கொள்ளும்.

முனிசிபியோவுக்கு மேலே இருப்பது பெருநகரப் பகுதி. ஒட்டி வளர்ந்த முனிசிபியோக்களை முழுதாகச் சேர்த்து, கொனாப்போ என்ற தேசிய மக்கள்தொகைக் குழுவும் இனெகியும் நகர வளர்ச்சி அமைச்சகமும் வரையறுப்பது. முழுதாக என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனிசிபியோவின் கடைக்கோடி மாட்டுப்பண்ணையும் பெருநகரக் கணக்கில் ஏறிவிடும்.

துறைமுகமும் போகா தெல் ரியோவும்

மாநிலத்தில் ஆளை அதிகம் தடுமாற வைக்கும் இடம் இதுதான். வெராக்ரூஸ் நகரம் தெற்கே வளர்ந்து, தன் முனிசிபியோ எல்லையைத் தாண்டி, பக்கத்துப் போகா தெல் ரியோவுக்குள் நுழைந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு எல்லை எங்கே மாறியது என்றே தெரியாது. கணக்கெடுப்பு அதை மறப்பதில்லை. ஓர் ஊரின் குறியீடு ஒரு முனிசிபியோவுக்குள்தான் இருக்க முடியும் என்பதால், ஒரே நகரம் இரண்டு வரிகளாக உடைந்து நிற்கும்.

2010 கணக்கைப் பாருங்கள். வெராக்ரூஸ் நகரத்தில் 5,54,830 பேர். அதில் வெராக்ரூஸ் முனிசிபியோவுக்குள் 4,28,323, போகா தெல் ரியோவுக்குள் 1,26,507. போகா தெல் ரியோ முனிசிபியோவின் மொத்தம் அன்று 1,38,058. ஆக, அந்த முனிசிபியோவில் வெராக்ரூஸ் நகரத்தின் தொடர்ச்சியில் சேராதவர்கள் 11,551 பேர்தான். ஆற்று முகத்தில் இருக்கும் பழைய மீனவ ஊரான போகா தெல் ரியோ அதற்குள் அடக்கம். அந்த ஊரின் பெயரைத் தேடி எண்ணை எடுத்தவர், 'போகா தெல் ரியோ ஒரு சிற்றூர்' என்று முடிவு கட்டிவிடுவார். மாநிலத்தின் பெரிய ஹோட்டல்களும் பிளாசா அமெரிக்காஸ் வணிக வளாகமும் உலக வணிக மையக் கண்காட்சி அரங்கும் இருப்பது அந்த முனிசிபியோவில்தான்.

முதல் பத்தியில் ஹலாபா முந்தியதற்குக் காரணமும் இதுவே. உடைந்த நகரத்தின் ஒரு துண்டை, உடையாத இன்னொரு நகரத்தோடு ஒப்பிட்டிருக்கிறோம். 2010-இல் துண்டாக இருந்தும் துறைமுகம் 3,568 பேர் வித்தியாசத்தில் முந்தியிருந்தது. 2020-இல் அந்தத் துண்டு 4,05,952-ஆகக் குறைய, ஹலாபா மேலே வந்தது. போகா தெல் ரியோ பக்கத்துத் துண்டைச் சேர்த்தால் துறைமுக நகரம் ஐந்து லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும்.

துறைமுகம் தேய்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. நகர ஊரின் எண்ணிக்கை 22,371 குறைந்த அதே காலத்தில் வெராக்ரூஸ் முனிசிபியோ 5,52,156-இலிருந்து 6,07,209-க்கு ஏறியது. முனிசிபியோவுக்குள், ஆனால் நகர ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 2010-இல் 1,23,833 பேர். 2020-இல் 2,01,257 பேர். பழைய நகரத்திலிருந்து ஆள் வடக்கிலும் மேற்கிலும் உள்ள தொகுப்பு வீட்டு மனைகளுக்கு நகர்ந்திருக்கிறார்கள். அந்த மனைகள் ஒவ்வொன்றும் தனி ஊர்க் குறியீட்டோடு நிற்கின்றன. தெற்கே மெதெயீன் முனிசிபியோவில் இது இன்னும் பச்சையாகத் தெரியும்: 59,126 பேர் பத்தாண்டில் 95,202 ஆனார்கள், 61 விழுக்காடு உயர்வு. புவெந்தே மொரேனோ போன்ற குடியிருப்புகள் அங்கேதான் எழுந்தன. காலையில் அந்த மக்கள் வேலைக்குப் போவது பெரும்பாலும் துறைமுகத்துக்கும் போகா தெல் ரியோவுக்கும்.

கடைக்கோ சேவைக்கோ வாடிக்கையாளரை எண்ணுபவருக்கு என் பரிந்துரை, வெராக்ரூஸ், போகா தெல் ரியோ என்ற இரண்டு முனிசிபியோக்களின் கூட்டல்: 7,51,759. ஊர்க் கணக்கு குறைத்துக் காட்டும். பெருநகரக் கணக்கோ அல்வராதோவின் மீன்பிடி ஊர்களையும் ஹமாப்பா, மான்லியோ ஃபாபியோ அல்தமிரானோ முனிசிபியோக்களின் வயல்வெளியையும் சேர்த்து 9.39 லட்சம் என்று கூட்டிக் காட்டும். வீட்டுவாசலுக்குப் பொருள் கொண்டுபோகும் தொழில் என்றால் இரண்டோடு மெதெயீனையும் சேர்க்கலாம், 8,46,961 வரும்.

ஹலாபா: எந்தப் பட்டியலும் அதிகம் ஏமாற்றாத நகரம்

மாநிலத் தலைநகர் ஹலாபா கடற்கரையில் இல்லை. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், மூடுபனி மலைச்சரிவில் இருக்கிறது. ஹலபேன்யோ மிளகாய்க்குப் பெயர் கொடுத்த ஊர். முனிசிபியோவில் வாழ்பவர்களில் 91 விழுக்காட்டினர் நகர ஊருக்குள்ளேயே இருப்பதால், ஊர்க் கணக்கை எடுத்தாலும் முனிசிபியோ கணக்கை எடுத்தாலும் முடிவு பெரிதாக மாறாது. வெராக்ரூஸ் முனிசிபியோவில் இந்த விகிதம் 67, மாநிலத்தின் தெற்கே உள்ள கோட்ஸாகோல்கோஸில் 68.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கணக்கெடுப்பு எண்ணுவது வழக்கமாகக் குடியிருப்பவர்களை. ஹலாபா அரசு அலுவலகங்களின் நகரம், 1944-இல் தொடங்கிய வெராக்ரூஸ் பல்கலைக்கழகத்தின் நகரம். படிக்கவும் அலுவலக வேலைக்கும் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் இந்த எண்ணில் இல்லை. விடுமுறையில் காலியாகும் வாடகை அறைகளும் எண்ணில் தெரியாது. உணவகமோ நகலகமோ வைப்பவர் இங்கே பெருநகர எண்ணைப் பார்ப்பதே சரி, ஏனென்றால் கோட்டெபெக், பாந்தெரியா, எமிலியானோ ஸபாத்தா முனிசிபியோக்காரர்கள் பகலில் ஹலாபாக்காரர்கள்தான்.

தெற்கு: கோட்ஸாகோல்கோஸும் மினதித்லானும்

கோட்ஸாகோல்கோஸ் முனிசிபியோ 2010-இல் 3,05,260, 2020-இல் 3,10,698. மெல்ல ஏறியது போலத் தெரியும். நகர ஊரை மட்டும் பார்த்தால் 2,35,983-இலிருந்து 2,12,540-க்கு விழுந்திருக்கிறது, பத்துப் பேரில் ஒருவர் குறைந்த கணக்கு. துறைமுகத்தில் கண்ட அதே பெயர்ச்சிதான் இங்கும் பாதிக் காரணம். மேற்கே புதுக் குடியிருப்புகள் தனி ஊர்களாக எண்ணப்படுகின்றன. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அயெந்தேயும் தனி ஊர். 2017-இல் ஆற்றடிச் சுரங்கப்பாதை திறந்தபிறகு அது நடைமுறையில் நகரத்தின் பகுதி. மறுபாதிக் காரணம் வேலை. முனிசிபியோவின் மொத்த வளர்ச்சி பத்தாண்டில் 1.8 விழுக்காடுதான், மாநிலச் சராசரியோ 5.5. பெட்ரோ வேதியியல் ஆலைகள் தளர்ந்தால் இங்கே ஆள் தங்குவதில்லை.

இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மினதித்லான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரம். அதன் முனிசிபியோ 1,57,840-இலிருந்து 1,44,776-க்கு இறங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2020-இல் மினதித்லானுக்கும் போகா தெல் ரியோவுக்கும் உள்ள வித்தியாசம் 226 பேர். பட்டியலில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டில், ஒன்றின் பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர், மற்றதன் பரப்பு இரண்டாயிரத்துக்கும் மேல். ஒரு கிளை போட்டால் ஒன்றில் எல்லாரையும் எட்டலாம், மற்றதில் பாதிப் பேரை எட்டுவதே பாடு. மக்கள்தொகைப் பட்டியலோடு பரப்பையும் ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

2015 வரையறையில் கோட்ஸாகோல்கோஸும் மினதித்லானும் இரண்டு தனிப் பெருநகரப் பகுதிகள். நடுவில் கோசோலெயாகாகே என்ற முனிசிபியோ கிட்டத்தட்ட 1.3 லட்சம் பேரோடு இரண்டையும் இணைத்துக்கொண்டிருக்கிறது. சரக்குக் கிடங்குக்கு இடம் தேடுபவர் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழு லட்சம் பேர் அளவிலான சந்தை அது. 2023 டிசம்பரில் பசிபிக் கரையின் சலீனா க்ரூஸ் வரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பாதையின் வளைகுடா முனையும் இங்கேதான்.

ஒரிசாபா, கோர்தோபா: சேர்த்துப் பார்த்தால் தெரியும் அளவு

ஒரிசாபா முனிசிபியோ 1,23,182 பேர். பட்டியலில் பாபாந்த்லா, சான் அந்த்ரேஸ் துஸ்த்லா, துஸ்பான் எல்லாம் இதற்கு மேலே நிற்கும். ஒரிசாபாவின் பரப்பு 28 சதுர கிலோமீட்டர். முனிசிபியோவும் நகரமும் ஒன்றே. சதுர கிலோமீட்டருக்கு நாலாயிரத்துக்கும் மேல் நெருக்கம். எல்லை இறுகிக் கிடப்பதால் வளர்ச்சி முழுவதும் வெளியே போய்விட்டது: ரியோ பிளாங்கோ, நோகாலெஸ், இஸ்தாக்ஸோகித்லான் என்று பள்ளத்தாக்கு நெடுக ஒரே வீட்டுவரிசை. 12 முனிசிபியோக்கள் சேர்ந்த ஒரிசாபா பெருநகரப் பகுதி நாலரை லட்சத்தைத் தாண்டும். ஒரிசாபாவை 1.23 லட்சம் என்று குறித்துவைத்தவர் முக்கால் பங்கைத் தவறவிடுகிறார்.

கோர்தோபா இதற்கு நேர்மாறு. முனிசிபியோ 2,04,721, நகர ஊர் 2010-இல் 1,40,896 மட்டுமே, மீதி காப்பியும் கரும்பும் விளையும் சிற்றூர்கள். இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர். இரண்டு பெருநகரப் பகுதிகளையும் கூட்டினால் ஏழரை லட்சத்துக்கு மேல், ஹலாபா பெருநகரத்துக்கு ஏறக்குறைய இணை. எந்தப் பட்டியலும் இந்த இரட்டையை ஒன்றாகக் காட்டாது. மெக்ஸிகோ சிட்டிக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான நெடுஞ்சாலை இந்த இரண்டையும் தொட்டுச் செல்வதால், மொத்த வியாபாரத்துக்கு நான் ஹலாபாவுக்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

வடக்கும், பெயருக்குப் பெரிய முனிசிபியோக்களும்

போசா ரிகா 1951-இல் தனி முனிசிபியோவான எண்ணெய் நகரம். முனிசிபியோ 1,89,457, நகரம் 1,80,057. இரண்டும் 2010-ஐ விடக் குறைவு. இங்கும் எல்லை சிறியது, கோட்ஸிந்த்லாவும் திவாத்லானும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெருநகரக் கணக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டுவதைக் கண்டு மயங்க வேண்டாம். அதில் பாபாந்த்லா முழுவதும் அடங்கும், 1,59,910 பேர். பாபாந்த்லா நகரத்தில் 2010-இல் இருந்தவர்கள் 53,546 பேர்தான். மிச்சம் வனிலாவும் எலுமிச்சையும் விளையும் தொதொனாக் பழங்குடிக் கிராமங்கள்.

சான் அந்த்ரேஸ் துஸ்த்லாவும் அப்படியே. முனிசிபியோவாக 1,62,428 என்று ஒரிசாபாவை முந்தும். நகரமாக 2010-இல் 61,769. துஸ்பானில் முனிசிபியோ 1,54,600, நகரம் 2010-இல் 84,750. ஆனால் துஸ்பான் 2010–20-இல் 7.8 விழுக்காடு வளர்ந்தது, வடக்கில் போசா ரிகா சுருங்கியபோது. மெக்ஸிகோ சிட்டியிலிருந்து வரும் நெடுஞ்சாலை 2014-இல் முழுமையானது அதற்குத் துணை.

கோப்பைக் கையில் எடுத்தால் எங்கே சறுக்கும்

இனெகியின் ஊர்வாரிக் கோப்புக்கு இத்தேர் என்று பெயர். வெராக்ரூஸின் மாநில எண் 30. முனிசிபியோ எண் மூன்று இலக்கம், ஊர் எண் நான்கு இலக்கம், சேர்த்து ஒன்பது. விரிதாளில் திறந்தால் முன்னால் உள்ள சுழியங்கள் பறிபோகும், அதனால் அந்தப் பத்திகளை எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள்.

ஹலாபாவைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பலர் திணறுவார்கள். முனிசிபியோ எண்கள் பெரும்பாலும் அகரவரிசையில் கொடுக்கப்பட்டவை, ஹலாபா பழைய எழுத்துக்கூட்டலில் ஹோத்தா (J) எழுத்தின் இடத்தில் இருக்கிறது: 087. ஈக்கிஸ் (X) எழுத்தின் கீழ் தேடினால் அகப்படாது. வெராக்ரூஸ் 193, போகா தெல் ரியோ 028, கோட்ஸாகோல்கோஸ் 039, கோர்தோபா 044, ஒரிசாபா 118. பெயரை விட்டு எண்ணால் சேர்ப்பதே பாதுகாப்பு, காரணம் மாநிலம், முனிசிபியோ, நகரம் மூன்றுக்கும் வெராக்ரூஸ் என்றே பெயர்.

கோப்பில் மாநில மொத்தமும் முனிசிபியோ மொத்தமும் ஊர்களோடு கலந்தே வரிகளாக இருக்கும். ஊர் எண் 0000 என்பது மொத்தம். 9998, 9999 என்பவை ஒன்றிரண்டு வீடுள்ள ஊர்களின் கூட்டு வரிகள். இவற்றை வடிகட்டாமல் பத்தியைக் கூட்டினால் 80,62,579-க்குப் பதில் இரண்டரைக் கோடிக்கு அருகே ஒரு எண் வரும். அந்தச் சிற்றூர்களின் மற்ற விவரங்கள் நட்சத்திரக் குறியாக மறைக்கப்பட்டிருக்கும். அதைச் சுழியம் என்று மாற்றிவிடாதீர்கள்.

பத்தாண்டு வளர்ச்சி கணக்கிடும்போது, 2010 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஜூன் 12, 2020-க்கு மார்ச் 15. இடைவெளி பத்தல்ல, 9.76 ஆண்டு. மெதெயீனின் ஆண்டு வளர்ச்சி பத்தால் கணக்கிட்டால் 4.9, சரியான இடைவெளியால் 5.0. சிறிய வேறுபாடுதான், ஆனால் முப்பது ஆண்டு முன்னோக்கி நீட்டினால் பெரிதாகிவிடும். 2015-இன் இடைக்கால ஆய்வு மாதிரி எடுத்து நடந்தது; முனிசிபியோக்களுக்கும் ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாத ஊர்களுக்கும்தான் அதில் எண் உண்டு, மற்ற ஊர்களுக்குக் கிடையாது. கொனாப்போவின் முன்கணிப்புகள் விடுபட்டவர்களைச் சரிக்கட்டி, ஆண்டின் நடுப்பகுதிக்குக் கணக்கிட்டவை. அவற்றைக் கணக்கெடுப்பு எண்ணோடு ஒரே கோட்டில் இணைத்தால் இல்லாத ஒரு தாவல் தோன்றும்.

இன்னொரு தாவலும் உண்டு. பக்கத்துக் குடியிருப்பு நகரத்தோடு ஒட்டிவிட்டது என்று இனெகி முடிவுசெய்தால் அதன் குறியீட்டை நீக்கி நகரத்தோடு சேர்த்துவிடும். நகரம் ஒரே இரவில் வளரும். ஒரு நகர ஊரின் எண் திடீரென ஏறினாலோ இறங்கினாலோ, இனெகியின் வரலாற்று ஊர்ப் பதிவேட்டில் அந்தக் குறியீட்டைப் போட்டு, எந்த ஆண்டில் எது சேர்ந்தது என்று பார்த்த பிறகே காரணம் எழுதுங்கள்.

எந்த வேலைக்கு எது

உரிமம், வரி, குடிநீர் இணைப்பு, குப்பை ஒப்பந்தம் என்று ஆட்சி சார்ந்த எதுவானாலும் முனிசிபியோ எண்தான்; வேறு யோசனையே வேண்டாம். விநியோகம், விளம்பரம், வேலைக்கு ஆள் தேடுவது போன்றவற்றுக்குப் பெருநகரப் பகுதி, ஆனால் எந்த ஆண்டு வரையறை என்று குறித்துக்கொண்டு. 2015 வரையறையில் நாடு முழுவதும் 74 பெருநகரப் பகுதிகள். 2020 தரவை வைத்துச் செய்த புது வரையறையில் மூன்று வகையாகப் பிரித்து 92. பழைய கட்டுரையின் ஒரிசாபாவும் புதிய கட்டுரையின் ஒரிசாபாவும் ஒரே முனிசிபியோக்கள்தானா என்று எண்ணிப் பார்க்காமல் வளர்ச்சி சொல்லக் கூடாது.

ஒரே ஒரு கடை, ஒரே ஒரு மருத்துவமனைக்கு இந்த மூன்றுமே முரட்டு அளவுகள். நகர ஊர்களை இனெகி, அதிகபட்சம் ஐம்பது தெருக்கட்டங்கள் கொண்ட அடிப்படைப் பகுதிகளாகப் பிரித்து எண் தருகிறது, தெருக்கட்ட அளவிலும் தருகிறது. மனையைச் சுற்றி வண்டியில் பத்து நிமிடத் தொலைவுக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே விழும் பகுதிகளைக் கூட்டினால் முனிசிபியோ எல்லைத் தொல்லையே இல்லை. வெராக்ரூஸ்–போகா தெல் ரியோ எல்லையில் கடை வைப்பவர் இப்படிச் செய்யாவிட்டால் வாடிக்கையாளரில் பாதியை எண்ணாமல் விட்டுவிடுவார்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு கிளைதான் என்றால் முடிவு கடினம். ஹலிஸ்கோவில் குவாதலஹாரா பெருநகரம் மாநிலத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல், நுவெவோ லெயோனில் மொன்தெர்ரே தொண்ணூறுக்கு மேல். அங்கே கேள்வியே எழாது. வெராக்ரூஸில் மிகப் பெரிய பெருநகரமே மாநில மக்களில் 11.6 விழுக்காடுதான். வடக்கே போசா ரிகா ஒரு முனை, தெற்கே கோட்ஸாகோல்கோஸ் மறுமுனை, இடையில் பல மணி நேரச் சாலை. ஒன்று மட்டும் என்றால் துறைமுகம். இரண்டு என்றால் துறைமுகத்தோடு கோட்ஸாகோல்கோஸ்–மினதித்லான் இணை; ஹலாபா, கோர்தோபா இரண்டுக்கும் துறைமுகத்திலிருந்தே அன்றன்றைக்குச் சரக்கு போய்விடும். மூன்றாவது கிளைக்குப் பணம் இருந்தால் போசா ரிகாவா துஸ்பானா என்ற கேள்வி வரும். இன்றைய எண் போசா ரிகா பக்கம், வளர்ச்சி துஸ்பான் பக்கம். குத்தகை ஐந்தாண்டுக்குள் என்றால் முன்னது, இடத்தை விலைக்கு வாங்குவதானால் பின்னது.